அப்டேட்டுக்குப் பின் பெயர் மாறும் நெட்வொர்க் கார்டு

பட்டர்வொர்த்தை ஒட்டிய மாக் மண்டின் தொழிற்பேட்டையில் லினக்ஸ் கணினி கண்ணில் படுவதே அபூர்வம். கணக்கரின் மேசைக்கடியிலோ, மின்பலகைக்குப் பக்கத்து அலமாரியிலோ தூசி படிந்த ஒரு சிறிய பெட்டி கிடக்கும். திரை இராது, விசைப்பலகை இராது. இணையத்தைப் பிரித்துக் கொடுப்பது, கடைசல் இயந்திரங்களுக்கு நிரல் கோப்புகளை எடுத்துக் கொடுப்பது, கேமராப் பதிவுகளைச் சேமிப்பது என்று சத்தமில்லாமல் உழைத்துக்கொண்டிருக்கும். மாதக்கணக்கில் அதை யாரும் அணைப்பதில்லை. தானாக அப்டேட் எடுக்கும்படி வைத்திருந்தால் புதிய கெர்னலும் உள்ளே வந்து காத்திருக்கும். ஓடிக்கொண்டிருப்பது மட்டும் பழையது.

சீனப் புத்தாண்டுக்குப் பட்டறையை மூடும்போது தவுக்கே, அதாவது முதலாளி, மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போவார். விடுமுறை முடிந்து மின்சாரம் போடும்போதுதான் புதிய கெர்னல் முதல்முறையாக எழுந்திருக்கும். அன்றைக்கு நெட்வொர்க் இருக்காது. கேபிளைப் பிடுங்கிச் செருகுவார்கள், ரூட்டரைத் திட்டுவார்கள், விடுமுறையில் இடி இறங்கியிருக்கும் என்பார்கள். மாற்றம் நடந்தது பல வாரங்களுக்கு முன்பு. வெளியே தெரிந்தது மறுதொடக்கத்தில். அப்டேட் போட்ட நாளையும் மறுதொடக்கம் செய்யும் நாளையும் பிரித்து வைக்கும் பழக்கம்தான் இந்தக் கோளாறின் மூலத்தை மறைக்கிறது. அப்டேட் போட்டால் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே ஒருமுறை மறுதொடக்கம் செய்து பாருங்கள். இந்த இயலில் இதைவிட மலிவான ஆலோசனை வேறு இல்லை.

ஒரு குறிப்பு. கட்டளைகளையும் பெயர்களையும் இந்த நூல் முழுக்கத் தமிழில் ஒலிப்படி தருகிறேன். பெரிய எழுத்து என்று நான் சொல்லும் இடங்களைத் தவிர, திரையில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்ட வேண்டும். இஎன்பி3எஸ்0 என்று எழுதியிருந்தால் இ, என், பி, 3, எஸ், 0 என்று எழுத்தெழுத்தாகத் தட்டுங்கள்.

பெயர் எங்கிருந்து வருகிறது

கெர்னல் தன் கண்ணில் முதலில் படும் நெட்வொர்க் கார்டுக்கு ஈத்0 என்றும், அடுத்ததற்கு ஈத்1 என்றும் பெயர் வைக்கும். கார்டு ஒன்றே இருந்தால் இதில் சிக்கல் இல்லை. இரண்டு இருந்தால், எந்த டிரைவர் முந்திக்கொள்கிறது என்பதைப் பொறுத்து இன்றைய ஈத்0 நாளை ஈத்1 ஆகலாம். இதைத் தடுக்க, சாதனங்களுக்குப் பெயர் வைக்கும் யூடெவ் ஒரு வழி செய்திருந்தது. முதல்முறை பார்க்கும் கார்டின் மேக் முகவரியை, 70-பெர்சிஸ்டென்ட்-நெட் என்று தொடங்கும் விதிக்கோப்பில் எழுதிவைத்து, அடுத்த முறையும் அதே பெயரைக் கொடுக்கும். வட்டை நகலெடுத்து வேறு கணினியில் போட்டவர்களுக்கு அதன் தொல்லை நினைவிருக்கும். பழைய கார்டின் மேக் முகவரி கோப்பில் ஈத்0 என்ற பெயரைப் பிடித்துவைத்திருக்க, புதிய கணினியின் ஒரே கார்டு ஈத்1 ஆகிவிடும்.

2013 ஜனவரியில் வந்த சிஸ்டம்டி 197ஆம் பதிப்பு வேறு பாதை பிடித்தது. கார்டு இருக்கும் இடத்தை வைத்தே பெயரைக் கணக்கிடுவது அதன் முறை. மதர்போர்டிலேயே பதிந்த கார்டுக்கு பயாஸ் ஓர் எண் சொன்னால் இஎன்ஓ1. செருகுபள்ளத்துக்கு எண் தெரிந்தால் இஎன்எஸ்1. இரண்டும் இல்லையென்றால் பிசிஐ பாதையைக் கொண்டு இஎன்பி3எஸ்0, அதாவது 3ஆவது பஸ், 0ஆவது பள்ளம். யுஎஸ்பியில் செருகும் கார்டுக்கு டெபியனில் மேக் முகவரியையே ஒட்டி இஎன்எக்ஸ் என்று தொடங்கும் நீளப் பெயர். ரெட் ஹாட் 2014இல் தன் 7ஆம் பதிப்பில் இந்த முறைக்கு மாறியது. டெபியன் 2017இல் 9ஆம் பதிப்பில், புதிதாக நிறுவுபவர்களுக்கு இதையே வழக்கமாக்கியது.

இந்த முறைக்கு, முன்கூட்டியே சொல்லக்கூடிய பெயர்கள் என்று பேர். அந்தப் பேரை நம்பித்தான் பலர் பெயரைக் கோப்புகளில் அப்படியே எழுதிவைத்தார்கள். ஆனால் கணக்கிட்டு வரும் பெயர் கணக்கு மாறினால் மாறும். கணக்குக்குள் போகும் எண்கள் மாறினாலும் மாறும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சிஸ்டம்டியின் புதிய பதிப்பு, பள்ளத்தின் எண்ணை எப்போது நம்புவது, எப்போது விடுவது என்ற விதியைத் திருத்தினால் அது கணக்கு மாறுவது. இதற்காகவே 240ஆம் பதிப்பிலிருந்து, கெர்னல் தொடக்க வரியில் நெட்.நேமிங்-ஸ்கீம் என்ற அமைப்பைக் கொடுத்து, பழைய பதிப்பின் கணக்கையே போடு என்று சொல்ல முடிகிறது. டெபியன் 12இல் இருப்பது சிஸ்டம்டி 252, 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் 257. இந்தத் தாவலின்போது பெயர் மாறக்கூடும் என்று டெபியனின் வெளியீட்டுக் குறிப்பே எச்சரித்தது. ரெட் ஹாட் 8 இந்த விஷயத்தில் பழமைவாதி. துணைப்பதிப்பு ஏறினாலும் 8.0இன் கணக்கையே பிடித்துக்கொண்டிருக்கும்.

எண்கள் மாறுவது இன்னொரு கதை. கணினிக்குள் புதிய என்விஎம்இ வட்டைச் செருகினால் பஸ் எண்கள் ஒன்று தள்ளி, 3 இருந்த இடத்தில் 4 வரும்; இஎன்பி3எஸ்0 காலையில் இஎன்பி4எஸ்0 ஆகியிருக்கும். பயாஸ் அப்டேட்டும் இதைச் செய்யும். டிரைவர் திருந்துவதும் செய்யும். இன்டெல் எக்ஸ்710 வகைக் கார்டுகளை ஓட்டும் ஐ40இ டிரைவர், ஒரு பிழை காரணமாக, போர்ட்டின் பெயரை நெடுங்காலம் மேலே சொல்லாமலே இருந்தது. பிழையைத் திருத்தியதும் இஎன்பி1எஸ்0எஃப்0 என்றிருந்த போர்ட், வாலில் என்பி0 சேர்ந்து இஎன்பி1எஸ்0எஃப்0என்பி0 ஆனது. டெபியன் 12இன் 6.1 கெர்னலிலிருந்து 13இன் 6.12க்குப் போனவர்கள் இதைச் சந்தித்தார்கள். இங்கே நேமிங்-ஸ்கீமைப் பழைய எண்ணுக்குத் திருப்பினால் எதுவும் சரியாகாது. கணக்கு அதே கணக்கு. டிரைவர் புதிதாக ஒரு தகவலைக் கொடுக்கிறது. நீரிணைக்கு அந்தப் பக்கம் பாயான் லெப்பாஸில் 1972இலேயே கடை விரித்த அதே இன்டெல்தான், ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் என்று சலுகை ஒன்றும் கிடைக்காது.

வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டில் டெபியன் கெர்னலின் வரிசையை மாற்றுவதில்லை. 12இல் 6.1 என்றால் கடைசிவரை 6.1. ஆகவே அங்கே ஆபத்து பெரும்பாலும் பதிப்பு ஏற்றும் நாளில்தான். உபுண்டுவில் எச்டபிள்யூஇ கெர்னல் வைத்திருந்தால் அப்படியில்லை. 22.04 பதிப்பு 5.15இல் தொடங்கி, அதே பதிப்புக்குள்ளேயே 6.8 வரை ஏறிவிட்டது. மெய்நிகர் கணினிகளை ஓட்டும் ப்ராக்ஸ்மாக்ஸும் இப்படித் தாவும். உங்கள் பெட்டி எந்த வகை என்பதை இப்போதே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி முன்னால் நிற்கும்போது

திரையும் விசைப்பலகையும் கொண்டுபோய் மாட்டுங்கள். தொடக்கம் இரண்டு நிமிடம், சில அமைப்புகளில் ஐந்து நிமிடம்கூட, ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும். இல்லாத போர்ட்டுக்காக அது காத்திருக்கிறது. பொத்தானை அழுத்தி அணைத்துவிடாதீர்கள். உள்ளே போனதும் ஐபி -பிஆர் லிங்க் என்று தட்டினால் எல்லாப் போர்ட்டும், நிலையும், மேக் முகவரியும் வரிக்கு ஒன்றாக வரும். கோப்பில் எழுதியிருக்கும் பெயர் அந்தப் பட்டியலில் இல்லையென்றால் நோய் உறுதியாகிவிட்டது. எந்தக் கார்டுமே பட்டியலில் இல்லையென்றால் டிரைவர் கோளாறு. அது வேறு இயல்.

அடுத்து டிமெசெக் வெளியீட்டில் ரினேம்ட் என்ற சொல்லைத் தேடுங்கள். எந்த டிரைவரின் கீழ், எந்தப் பிசிஐ முகவரியில் இருந்த ஈத்0க்கு என்ன பெயர் வந்தது என்று ஒரே வரியில் இருக்கும். போர்ட்டின் விளக்கை வைத்து முடிவுக்கு வராதீர்கள். தொலைபேசியில் "அண்ணே, பின்னாலே லைட்டே எரியலே, வயர் போச்சு" என்று பட்டறைப் பையன் சொல்வான். கட்டமைப்பு இல்லாமல் கீழே கிடக்கும் போர்ட்டின் விளக்கைச் சில டிரைவர்கள் அணைத்தே வைத்திருக்கும். கேபிள் நன்றாக இருக்கும்.

இயந்திரங்கள் காத்துக்கொண்டிருக்கின்றன, தவுக்கே பின்னால் வந்து நிற்கிறார் என்றால் கோப்புகளைத் திருத்திக்கொண்டிருக்க நேரம் இல்லை. கார்டுக்குப் பழைய பெயரையே கையால் வையுங்கள். ஐபி லிங்க் செட் கட்டளையால் அந்தப் போர்ட்டை டவுன் செய்து, அதே கட்டளையில் நேம் என்று போட்டுப் பழைய பெயரைக் கொடுத்து, பிறகு நெட்வொர்க்கிங் சேவையை மறுபடி தொடங்கினால் போதும். கோப்புகள் எல்லாம் தேடுவது அந்தப் பழைய பெயரைத்தான் என்பதால் எல்லாம் ஒன்றாக உயிர் பெறும். போர்ட் மேலே இருக்கும்போது பெயர் மாற்றினால் பழைய கெர்னல்கள் மறுத்துவிடும், ஆகவே டவுன் செய்வதை விட்டுவிடாதீர்கள். இந்த மாற்றம் அடுத்த மறுதொடக்கம் வரைதான் நிற்கும். சாயங்காலம் பட்டறை அடங்கியதும் நிரந்தர வேலையைச் செய்யலாம்.

பின்புறத்தில் நான்கு போர்ட் இருந்து எது எதுவென்று தெரியவில்லையென்றால், ஈத்டூல் -பி என்று சிறிய எழுத்தில் கொடுத்துப் போர்ட்டின் பெயரைச் சேருங்கள். ஆதரவு உள்ள கார்டுகளில் அந்தப் போர்ட்டின் விளக்கு கண் சிமிட்டும். பெரிய எழுத்து பியில் கொடுத்தால் கார்டின் நிரந்தர மேக் முகவரியைச் சொல்லும். இந்த இரண்டையும் பார்த்து, ஒவ்வொரு போர்ட்டுக்கு மேலும் மேக் முகவரியின் கடைசி நான்கு எழுத்தை ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

நெட் வந்துவிட்டால் எல்லாம் சரியா?

நெட்வொர்க் வரவே இல்லையென்றால் யாராவது கூப்பிடுவார்கள், நீங்களும் சரிசெய்வீர்கள். பெயர் மாறியும் நெட் வந்துவிட்டால்தான் தொல்லை பெரிது. நெட்வொர்க்மேனேஜர் இருக்கும் கணினியில் இது சாதாரணமாக நடக்கும். பழைய பெயருக்கு எழுதிய இணைப்பு பொருந்தாமல் போனதும், கட்டமைப்பு இல்லாத புதிய போர்ட் ஒன்று இருக்கிறதே என்று அதற்குத் தானாக ஒரு இணைப்பை உருவாக்கி, டிஎச்சிபியில் முகவரி வாங்கிவிடும். வாட்ஸ்அப் வந்துவிட்டது என்று எல்லோரும் கலைந்துபோவார்கள்.

அதன் பின் ஃபயர்வாலைப் பாருங்கள். ஐபிடேபிள்ஸ் விதியில் ஈத்1 வழியாக வருவதை எல்லாம் தடு என்று எழுதியிருப்பீர்கள். ஈத்1 என்ற போர்ட் கணினியில் இல்லாவிட்டாலும் அந்த விதி முணுமுணுக்காமல் ஏறிவிடும். பட்டியலிட்டுப் பார்த்தால் இருக்கும், ஆனால் ஒரு பாக்கெட்கூட அதில் சிக்காது. என்எஃப்டேபிள்ஸில் நிலைமை இரண்டு விதம். விதியில் ஐஐஎஃப்நேம் என்று எழுதியிருந்தால், ஐபிடேபிள்ஸ் போலவே அமைதியாக ஏறிப் பயனில்லாமல் கிடக்கும். ஐஐஎஃப் என்று மட்டும் எழுதியிருந்தால், அந்தப் போர்ட் இல்லையே என்று பிழை காட்டி முழுக் கோப்பையும் ஏற்ற மறுக்கும். ஒரு வரிக்காக எல்லா விதியும் போய், கணினி ஃபயர்வாலே இல்லாமல் எழுந்திருக்கும். எதை எழுதுவது நல்லது என்று கேட்டால், ஐஐஎஃப்நேம் எழுதுங்கள், ஆனால் விதிகளை எல்லாம் தடு என்ற அடிப்படையில் தொடங்கி, தேவையான போர்ட்டுக்கு மட்டும் திறந்துவிடுங்கள். அப்போது பெயர் மாறினால் வேலை நிற்கும். வாசல் திறந்து கிடக்காது. எண்ணிக்கையைப் பார்க்கும் பழக்கமும் நல்லது. ஐபிடேபிள்ஸ் -எல் -வி என்று, எல் மட்டும் பெரிய எழுத்தில், கொடுத்தால் ஒவ்வொரு விதியிலும் எத்தனை பாக்கெட் பட்டது என்று காட்டும். இணையப் பக்கத்தைத் தடுக்கும் விதியில் நாள் முழுக்கச் சுழியமே இருந்தால் சந்தேகப்படுங்கள். இணையத்தில் சும்மா தட்டிப் பார்ப்பவர்கள் ஒரு மணி நேரம்கூட ஓய்வதில்லை.

கடைசல் பட்டறைகளில் இது இன்னும் கூர்மையாகும். பழைய இயந்திரக் கட்டுப்பாட்டுப் பலகைகளில் பலவும் எஸ்எம்பியின் முதல் தலைமுறையையோ எஃப்டிபியையோ மட்டுமே பேசும். அவற்றை இணையத்துக்குக் காட்டக் கூடாது என்பதற்காகத்தான் இரண்டு கார்டு உள்ள லினக்ஸ் பெட்டியை நடுவில் வைத்திருக்கிறோம். ஒரு பக்கம் அலுவலகம், இன்னொரு பக்கம் இயந்திரங்கள். சம்பா கட்டமைப்பில் எந்தப் போர்ட்டில் மட்டும் கேட்க வேண்டும் என்று பெயரைக் குறித்து, அதில் மட்டுமே என்று பூட்டியும் வைத்திருப்போம். பெயர் மாறினால் சம்பா கணினிக்குள்ளேயே பேசிக்கொண்டிருக்கும். பிங் போகும், கோப்புப் பகிர்வு மட்டும் செத்திருக்கும். இந்த அறிகுறியைக் கண்டால் கடவுச்சொல்லை மாற்றிப் பார்த்து நேரத்தை வீணாக்காமல் பெயரைப் பாருங்கள். பழைய வரைகலை மென்பொருள்களின் உரிமச் சேவையகங்களில் சில ஈத்0 என்ற பெயரையே தேடி அதன் மேக் முகவரியைப் படிக்கும். அந்தப் பெயர் இல்லையென்றால் உரிமம் செல்லாது என்று சொல்லிவிடும். விற்றவர்களிடம் புதிய பதிப்பு கேளுங்கள். கிடைக்கும்வரை அந்தக் கணினியில் ஈத்0 பெயரையே வைத்திருப்பதைத் தவிர வழியில்லை.

பெயர் எங்கெங்கே ஒளிந்திருக்கும் என்று அறிய, கிரெப் -ஆர்என் கட்டளையில் பழைய பெயரைக் கொடுத்து எட்சி அடைவு முழுவதும் தேடுங்கள். டிஎன்எஸ்மாஸ்க், டிஎச்சிபி சேவை, சிஸ்கண்ட்ரோல், பிபிபி என்று எதிர்பாராத இடங்களிலிருந்து வரும். எட்சியோடு நிறுத்திவிடாதீர்கள். டாக்கரில் மேக்விலேன் வகை நெட்வொர்க் உருவாக்கியிருந்தால் தாய்ப் போர்ட்டின் பெயர் வார் அடைவுக்குள் டாக்கரின் தரவுத்தளத்தில் இருக்கும், கிரெப் அதைச் சொல்லாது. அந்த நெட்வொர்க்கை அழித்து மறுபடி உருவாக்க வேண்டும்.

பெயரை நீங்களே வையுங்கள்

கணினி கணக்கிட்ட பெயரைக் கட்டமைப்புக் கோப்புகளில் எழுதாதீர்கள். போர்ட் செய்யும் வேலையைக் கொண்டு நீங்களே ஒரு பெயர் வைத்து, அதைக் கார்டின் மேக் முகவரியோடு கட்டிவிடுங்கள். இணையப் பக்கம் வேன்0, அலுவலகப் பக்கம் லேன்0, இயந்திரங்களின் பக்கம் மெஷின்0. ஆறு மாதம் கழித்து ஃபயர்வால் கோப்பைப் படிக்கும்போதும் எது எது என்று யோசிக்க வேண்டியிருக்காது.

செய்வது சிறிய வேலை. எட்சி அடைவில் சிஸ்டம்டி, அதற்குள் நெட்வொர்க் என்ற அடைவில் 10-லேன்0.லிங்க் என்று ஒரு கோப்பு. அதில் நான்கே வரி; மேட்ச், லிங்க், நேம், பெர்மனென்ட், அட்ரஸ் ஆகியவற்றின் முதல் எழுத்தையும், மேக் என்பதை முழுதாகவும் பெரிய எழுத்தில் தட்டுங்கள். சதுர அடைப்புக்குள் மேட்ச். அடுத்த வரியில் பெர்மனென்ட்மேக்அட்ரஸ், சமக்குறி, கார்டின் மேக் முகவரி. பிறகு சதுர அடைப்புக்குள் லிங்க். அடுத்த வரியில் நேம், சமக்குறி, லேன்0. வெறும் மேக்அட்ரஸ் என்று எழுதினாலும் வேலை செய்வதுபோல் தெரியும். ஆனால் பிரிட்ஜும் விலேனும் தாய்க் கார்டின் மேக் முகவரியையே எடுத்துக்கொள்வதால் அவையும் அந்த விதியில் பொருந்திக் குழப்பும். பெர்மனென்ட் என்று தொடங்குவது வன்பொருளில் பதிந்த முகவரியை மட்டும் பார்க்கும். கோப்பின் பெயரில் முன்னால் இருக்கும் 10 முக்கியம். சிஸ்டம்டி எண் வரிசையில் பார்த்து முதலில் பொருந்தும் ஒரே ஒரு கோப்பைத்தான் எடுக்கும். இயல்பான கோப்பு 99இல் காத்திருக்கிறது.

இந்த இடத்தில் பலர் எழுந்துபோய்விடுவார்கள், பிறகு வேலை செய்யவில்லை என்பார்கள். பெயர் மாற்றம் கணினி முழுதாக எழுவதற்கு முன்பே, இனிட்ராம்எஃப்எஸ் கட்டத்திலேயே நடந்துவிடலாம். உங்கள் புதிய கோப்பு அதற்குள் போயிருக்க வேண்டும். டெபியன், உபுண்டுவில் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு. ரெட் ஹாட் குடும்பத்தில் டிராகட் -எஃப். பிறகு யூடெவ்அட்ம் டெஸ்ட்-பில்டின் கட்டளையில் நெட்_செட்அப்_லிங்க் என்று கொடுத்து அந்தப் போர்ட்டின் பாதையைச் சேர்த்தால், எந்தக் கோப்பு பொருந்தியது, என்ன பெயர் வரும் என்று மறுதொடக்கம் இல்லாமலே சொல்லிவிடும். அதைப் பார்த்த பிறகு மற்றக் கோப்புகளில் பழைய பெயரை மாற்றி மறுதொடக்கம் செய்யுங்கள்.

உபுண்டுவில் நெட்பிளான் இருந்தால் இதே வேலையை அதன் யாமல் கோப்பிலேயே செய்யலாம். மேட்ச் பகுதியில் மேக்அட்ரஸ், அதன் கீழ் செட்-நேம். நெட்பிளான் ட்ரை என்று கொடுத்துச் சோதித்தால், 120 விநாடிக்குள் நீங்கள் உறுதி செய்யாவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். நல்ல ஏற்பாடு. ப்ராக்ஸ்மாக்ஸில் ஒரு போர்ட்டின் பெயர் மாறினால் விஎம்பிஆர்0 பிரிட்ஜ் அறுந்து எல்லா மெய்நிகர் கணினியும் ஒன்றாக இருட்டாகிவிடும். 9ஆம் பதிப்பில் போர்ட்டின் பெயரைப் பூட்டிவைக்கவே தனிக் கருவி கொடுத்திருக்கிறார்கள், பயன்படுத்துங்கள்.

தொடக்க வரியில் நெட்.ஐஎஃப்நேம்ஸ்=0 போட்டு ஈத்0க்கே திரும்புவது பரவலான மருந்து. ஒரே கார்டு உள்ள பெட்டியில் எனக்கு ஆட்சேபம் இல்லை. இரண்டு கார்டு உள்ள பெட்டியில் அதைச் செய்பவர் 2013க்கு முந்தைய சிக்கலை விலை கொடுத்து வாங்குகிறார். லிங்க் கோப்பிலும் ஈத்0, ஈத்1 என்று பெயர் வைக்காதீர்கள். கெர்னல் அதே நேரத்தில் அதே பெயர்களைக் கொடுத்துக்கொண்டிருக்கும், இரண்டும் மோதும். பழைய ஈத் பெயர்களோடு இன்னும் ஓடும் கணினியைப் பதிப்பு ஏற்றுவதற்கு முன் பெயரை மாற்றிவிடுவது நல்லது. 70-பெர்சிஸ்டென்ட்-நெட் கோப்புக்கு இனி ஆதரவில்லை என்று டெபியன் 2019இல் 10ஆம் பதிப்பின்போதே சொல்லிவிட்டது. ரெட் ஹாட் 7இலிருந்து 8க்கு ஏற்றும் லீப் கருவியும், ஈத் பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட கார்டு இருந்தால் மேலே போக மறுக்கும்.

பெயர் 15 எழுத்துக்கு மேல் போகக் கூடாது என்பது கெர்னலின் விதி. இங்கே யூனிஃபை இணைப்பைச் சொந்த லினக்ஸ் பெட்டியில் இறக்குபவர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். யூனிஃபையின் இணையம் 500ஆம் விலேனில் பிபிபிஓஇ வழியாக வருகிறது. ஆகவே போர்ட்டின் பெயரோடு புள்ளி 500 சேர்ந்த துணைப்போர்ட் ஒன்று உருவாக வேண்டும், அந்தப் பெயரைப் பிபிபி கட்டமைப்பிலும் எழுத வேண்டும். பெட்டியில் இரண்டாவது போர்ட் இல்லையென்று யுஎஸ்பி கார்டை வாங்கிச் செருகினால், அதன் இஎன்எக்ஸ் பெயரே சரியாக 15 எழுத்து. புள்ளி 500க்கு இடமே இல்லை. வேன்0 என்று பெயர் வைத்தால் வேன்0.500, எட்டே எழுத்து. என்பி0 வால் முளைத்த எக்ஸ்710 போர்ட் புள்ளி 500ஐயும் சேர்த்து மிகச்சரியாக 15இல் நிற்கிறது. அதற்கு மேல் ஓர் எழுத்து கூடினாலும் ஏறாது.

ஜார்ஜ்டவுனில் உட்கார்ந்துகொண்டு

பெட்டி மாக் மண்டினில், நீங்கள் தீவில். பதிப்பு ஏற்றி மறுதொடக்கம் கொடுத்துவிட்டு இணைப்பு திரும்பாவிட்டால் ஃபெரியோ பாலமோ ஏற வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை பாலத்தின் நெரிசலை அறிந்தவர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆகவே லிங்க் கோப்பை எழுதி, ஒருமுறை மறுதொடக்கம் செய்து, புதிய பெயரில் எல்லாம் ஓடுகிறது என்று பார்த்த பிறகே பதிப்பைத் தொடுங்கள். இரண்டையும் ஒரே இரவில் செய்தால் எது உடைத்தது என்று தெரியாது.

ஒரே கார்டு உள்ள பெட்டிக்கு ஒரு குறுக்குவழி உண்டு. இப்போது இருக்கும் பெயரையே, இஎன்பி3எஸ்0 என்பதையே, லிங்க் கோப்பில் எழுதிப் பூட்டிவிடலாம். வேறு எந்தக் கோப்பையும் தொட வேண்டாம். பல கார்டு உள்ள இடத்தில் இதைச் செய்யாதீர்கள், இன்னொரு கார்டு கணக்குப்படி அதே பெயருக்கு வந்து நிற்கலாம்.

கெர்னல் மட்டும் மாறுகிறதென்றால் கிரப்பில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. இயல்பான தேர்வைப் பழைய கெர்னலில் நிறுத்திவைத்து, கிரப்-ரீபூட் கட்டளையால் அடுத்த ஒரு தடவைக்கு மட்டும் புதியதைத் தேர்ந்தெடுங்கள். இணைப்பு திரும்பாவிட்டால் பட்டறையில் யாரையாவது கூப்பிட்டு, "தம்பி, அந்தப் பெட்டியை அணைச்சுப் போடு" என்றால் போதும், பழைய கெர்னல் எழுந்துவிடும். சிஸ்டம்டியும் சேர்ந்து மாறும் பெரிய ஏற்றத்தில் இது காப்பாற்றாது. பழைய கெர்னலில் எழுந்தாலும் பெயர் வைப்பது புதிய சிஸ்டம்டிதான்.

இடிக்குப் பேர்போன ஊர் இது, கார்டு கருகுவது புதிதல்ல. மேக் முகவரியோடு கட்டிய பெயர், கார்டை மாற்றியதும் பொருந்தாமல் போகும். அந்த லிங்க் கோப்பில் ஒரு வரியைத் திருத்தி இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பித்தால் ஃபயர்வால், சம்பா, பிபிபி எதையும் தொடாமல் வேலை முடிந்துவிடும். கார்டை அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தால் மேக் முகவரிக்குப் பதில் பாத் என்று (முதல் எழுத்து பெரிய எழுத்து) எழுதிப் பிசிஐ இடத்தோடு கட்டலாம், அதே பள்ளத்தில் எந்தக் கார்டைச் செருகினாலும் பெயர் நிற்கும். வட்டு சேர்த்தாலோ பயாஸ் மாறினாலோ இடத்தின் எண் நகரும் என்பதால், கார்டு மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் சிறிய பெட்டிகளுக்கு நான் மேக் முகவரியைத்தான் எழுதுவேன். மாற்றுக் கார்டு ஒன்றை முன்கூட்டியே வாங்கி வைத்தால், அதன் மேக் முகவரியையும் அந்தக் கோப்பிலேயே ஓர் இடைவெளி விட்டு இரண்டாவதாக எழுதிவையுங்கள். பெர்மனென்ட்மேக்அட்ரஸ் ஒன்றுக்கு மேற்பட்ட முகவரிகளை ஏற்கும். கணினியில் அவற்றில் ஒன்று மட்டுமே செருகியிருக்க வேண்டும்.